லேப் பெஞ்சுப் பிள்ளைகள்

ஏழுபுளியூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது; இன்னும் பிறக்காத பிள்ளைகள் வந்து உட்காருவது அந்தப் பெஞ்சில்தான். எப்போதிருந்து என்றால், மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கல்யாணம் வைக்கிற பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் ஜோடியாகப் போய் ரத்தம் சோதித்துக்கொண்டு வரவேண்டும், வராவிட்டால் மண்டபத்துச் சாவி கிடையாது என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணின வருஷத்திலிருந்து. எங்கள் பக்கத்தில் அக்காள் மகளைத் தம்பி கட்டுவதும் அத்தை மகளை மாமன் மகன் கட்டுவதும் சோறு தின்பது மாதிரி சாதாரணம். அப்படிச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்து, கொடுத்து எடுத்து, சில வீடுகளில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் வெளுத்து வெளுத்து இறந்துபோனதைப் பார்த்த ஒரு டாக்டரம்மா, ஆடித் திருவிழாவில் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பேசினதால் வந்த முடிவு அது.

முதலில் ரத்தம் கொடுத்தது செங்கல் சூளைக்காரர் மகளும் அவளுடைய மாமன் மகனும். மறுநாள் காலையில் லேப் அக்கா ஜெபக்கனி வந்து பூட்டைத் திறக்கும்போது, பெஞ்சில் ஒரு குழந்தை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெபக்கனி தெற்கே கடலோரத்துக்காரர், வேலைக்காக இங்கே வந்தவர், எதையும் நேராகக் கேட்டுவிடுகிறவர்.

"யாருக்க பிள்ளை மக்கா நீ?"

"நேத்து ரத்தம் குடுத்தாங்களே, அவங்க புள்ள."

"அவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே?"

"தெரியும். அதான் உக்காந்திருக்கேன்."

அந்தப் பதிலில் குறை சொல்ல ஜெபக்கனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதிரே எல்லப்பன் டீக்கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தார். சூளைக்காரர் வீட்டுக் கல்யாணம் நடந்த அன்றைக்குக் காலையில் அந்தக் குழந்தையைக் காணோம். போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அதற்குள் பெஞ்சில் வேறு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

அதற்கப்புறம் ஊர் பெஞ்சைப் பார்க்கப் பழகிக்கொண்டது, பழகப் பழகச் சந்தேகப்படவும் கற்றுக்கொண்டது. சம்பந்தம் பேசினவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும் முன்னால் பெஞ்சைப் பார்க்க வந்தார்கள். ஒரு கண்ணில் பிள்ளையின் மூக்கையும் இன்னொரு கண்ணில் மாப்பிள்ளையின் மூக்கையும் வைத்து, தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் மாதிரி பிள்ளையின் நெற்றியைச் சுண்டி, நடக்கவிட்டு, ஓடவிட்டு, ஒன்று இரண்டு சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் பெஞ்சில் பிள்ளை வராத ஜோடிகளைப் பற்றி ஊர் வேறு மாதிரிப் பேசியது. ஒரு வாரம் கழித்துத்தான் சில பிள்ளைகள் வரும், வழியில் பராக்குப் பார்த்துக்கொண்டு வரும் என்று ஜெபக்கனி எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. எல்லப்பன் காலைக்கு என்று தனியாக இனிப்புக் குறைவான ஒரு பன் போட ஆரம்பித்தார், அதற்குப் பெஞ்சுப் பன் என்று பெயர் நின்றுவிட்டது.

பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டு, பெண் என்றால் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புகிற காரியமும் நடந்தது. வயிற்றில் இருப்பதையே சொல்லக்கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிற ஆஸ்பத்திரியில், வயிற்றுக்கும் முன்னாடி வந்து உட்கார்ந்திருப்பதைச் சொல்லலாமா என்று சுகாதார ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் எல்லாப் பிள்ளைக்கும் மொட்டை அடித்து, ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சைத் துணியில் கணுக்கால் வரைக்கும் அங்கி தைத்துப் போட ஏற்பாடு செய்தார். அப்படியும் விடுவார்களா? பொம்மையையும் பம்பரத்தையும் பெஞ்சில் வைத்துவிட்டு எதை எடுக்கிறது என்று தூரத்தில் நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் தொடாமல், பன் இல்லையா என்று கேட்டன.

மாவு மில்லுக்காரர் மகனுக்கு நிச்சயம் ஆனபோது வந்த பிள்ளைக்குக் கட்டைவிரல் ஆமைத்தலை மாதிரி சப்பையாக இருந்தது. பெண் வீட்டில் அப்படி விரல் யாருக்கும் இல்லை, மாப்பிள்ளை வீட்டிலும் இல்லை, ஊரிலேயே ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்குத்தான் இருந்தது. பெண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் போஸ்ட்மாஸ்டருக்கு நடக்கவே ஆள் வேண்டும் என்று யாரோ ஞாபகப்படுத்த, சந்தேகம் மெல்ல மெல்ல ஒரு தலைமுறை பின்னால் போய், மில்லுக்காரர் தன் தாயார் முன்னால் போய் நின்று ஒன்றும் கேட்காமல் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஒங்கப்பன் செத்து எத்தினியோ வருசமாச்சு. இப்ப வந்து வெரலப் பாக்குறியா? போய் மாவ அரை," என்று சொல்லிவிட்டு அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டது. அதன் பிறகு கொஞ்ச காலம் ஊரில் ஆண்கள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டே நடந்தார்கள்.

பிள்ளைகள் மட்டும் லேசுப்பட்டவையா என்றால் அதுவும் இல்லை. பார்க்க வந்தவர்களை அவையும் பார்த்தன. குடித்துவிட்டு வந்த ஒருவனிடம், வாயை ஊது என்று சொன்ன பிள்ளை உண்டு. ஆனால் பெரியவர்கள் தாங்கள் பார்ப்பதில்தான் குறியாக இருந்தார்களே தவிர, தங்களைப் பார்ப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கிற ஊரில்தான் பூங்காவனமும் அவளுடைய தாய்மாமன் தீர்த்தகிரியும் ரத்தம் கொடுக்கப் போனார்கள்.

பூங்காவனம் டெய்லரிங் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை பார்த்தாள். தீர்த்தகிரி அவளுடைய அம்மா அலமேலுவுக்குக் கடைசித் தம்பி, புளி லோடு ஏற்றிக்கொண்டு சித்தூர் வரைக்கும் போகிற மினி லாரிக்கு டிரைவர். தாய் செத்தபோது அவன் நடக்கக்கூடப் பழகாத குழந்தை. அலமேலு தன் கல்யாணத்துக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். அவனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தால் தம்பி போய்விடுவான், பூங்காவனத்தை வேறு இடத்தில் கொடுத்தால் மகள் போய்விடுவாள், இருவரையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டால் வீட்டில் யாரும் குறையமாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. அம்மா போட்ட கணக்கு என்றாலும், பூங்காவனத்துக்கு அது இனித்தது. வண்டிச் சத்தத்தை வைத்தே மாமன் எந்தத் தெருமுனையில் திரும்புகிறான் என்று சொல்லிவிடுவாள். வேறு ஒருவனை நினைத்துப் பார்க்க அவளுக்கு அவசியம் வந்ததே இல்லை.

மறுநாள் அவர்களுடைய பிள்ளை வந்தது. தீர்த்தகிரியின் ஏறு நெற்றி, பூங்காவனத்தின் இடைவெளி விட்ட முன்பற்கள், இரண்டையும் பார்த்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. ஆனால் முகத்தில் அரிசி மாவைச் சலித்துவிட்ட மாதிரி வெளுப்பு. பெஞ்சிலிருந்து தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்கியது.

ஜெபக்கனி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ரத்தம் வெளுக்கிற சீக்கு ஒனக்குப் பாதி இருக்கு, இவருக்குப் பாதி இருக்கு. தனித்தனியா ரெண்டு பேருக்கும் ஒரு கேடும் கிடையாது. அந்த ரெண்டு பாதியும் ஒரே பிள்ளைகிட்டப் போய்ச் சேந்தாத்தான் அதுக்கு ஒடம்புல ரத்தம் தங்காது. மாசா மாசம் வெளியேருந்து ஏத்தணும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வராது, நாலுல ஒண்ணுக்கு வரலாம். வயித்துல இருக்கும்போதே பாத்துச் சொல்லவும் வழி இருக்கு. ரத்தம் ஏத்திக்கிட்டே பள்ளிக்கூடம் போற பிள்ளைகளும் இருக்கு. கட்டு, கட்டாதன்னு நான் சொல்லமாட்டேன்."

"நாலுல ஒண்ணுதானே?" என்றாள் பூங்காவனம்.

"ஆமா."

"அந்த ஒண்ணு வந்து உக்காந்துருச்சே."

ஜெபக்கனி ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார். "வந்துட்டுது," என்றார்.

வெளியே வந்ததும் தீர்த்தகிரி, "யோசிக்கலாம் பூங்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்து, அடுப்படியிலும் கூடத்திலும் பாம்பு புகுந்த மாதிரி புகுந்துகொண்டு, எந்த மூலையில் கை வைத்தாலும் அங்கே இருந்தது.

அலமேலு முதலில் ஜெபக்கனியைச் சந்தேகப்பட்டாள். "எங்கியோ கடலோரத்துக்காரி, அவளுக்கு என்னா தெரியும் எங்க ரத்தத்தப் பத்தி? பாட்டில மாத்தி வெச்சிருப்பா." அப்புறம் கமிட்டித் தலைவரைச் சந்தேகப்பட்டாள், அவருக்குக் கல்யாண வயசில் ஒரு மகள் இருப்பதால். அப்புறம் பிள்ளையையே சந்தேகப்பட்டாள், பெஞ்சுக்கு எதிரே போய் நின்று, "நெஜமாலுமே நீ எங்க வூட்டுதுதானா?" என்று கேட்டாள்.

"ஒன் தம்பி மாதிரிதான் தும்முறேன், வேணும்னா பாரு," என்றது பிள்ளை. அதற்குத் தும்மல் வரவில்லை.

கடைசியில் மகளையே சந்தேகப்பட்டாள். "ஏன்டி, ஒனக்கு இஷ்டமில்லாம நீயே எதாச்சும் சொல்லி வெச்சியா அந்த லேப்புக்காரிகிட்ட?"

"எம்மா, வாயில நல்லா வந்துரும்," என்றாள் பூங்காவனம். ஆனால் அன்றைக்கு அவள் வைத்த காலர் எல்லாம் கோணலாகப் போய், சூப்பர்வைசர் பிரித்துத் தைக்கச் சொன்னான்.

இதற்கு நடுவில் தீர்த்தகிரி, லோடு இல்லாத நாளில் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சித்தூர் மலைவளைவில் வண்டி எப்படி முனகும் என்று செய்து காட்டுவான். பிள்ளை சிரிக்கும், சிரித்த களைப்பில் அவன் தோளில் கொஞ்ச நேரம் சாயும். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிற இடம் எது, எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் ஜெபக்கனியிடம் விசாரித்துவைத்திருந்தான். யோசிக்கலாம் என்று அவன் சொன்னது இதைத்தான். ஆனால் அவன் வாய் திறந்து சொல்லாததால், வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள் வளர்ந்துகொண்டிருந்தது.

மறு சோதனை கேட்டால் கொடுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அலமேலு அதைப் பிடித்துக்கொண்டாள். சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற அசனத்துக்கு ஜெபக்கனி சொந்த ஊர் போயிருந்த வாரம் அது; லேப்பில் மாற்றாள் ஒருவர் இருந்தார், அவருக்கு ஏழுபுளியூர் முகங்கள் தெரியாது. பக்கத்து வீட்டு மாதேஷ் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவன், பூசணிக்காய் மாதிரி ஆரோக்கியமானவன், அலமேலு கையால் எத்தனையோ தரம் களி தின்றவன். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"தீர்த்தகிரின்னு சொல்லிட்டு ஒக்காந்து கைய நீட்டு. அவ்ளோதான். நல்ல ரத்தம்னு வந்துருச்சின்னா, அந்த வெளுத்த புள்ள எழுந்து போயிரும், நல்லது வந்து ஒக்காரும். எந்தம்பியும் மனசு தெளிஞ்சுருவான்."

"யத்தே, அது தீத்தகிரி மாமா ரத்தம் இல்லியே?"

"ரத்தம்னா ரத்தந்தான்டா. ஒரு ஊசிக்கு என்னா பயம்?"

"பயம்னு இல்ல யத்தே," என்றான் மாதேஷ், ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவன், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஜோடியாகத்தான் கொடுக்கவேண்டும் என்பதால் பூங்காவனமும் போனாள். போகும்போது பெஞ்சைப் பார்க்காமல், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிள்ளை அவளைப் பார்த்தது, அவளோடு போகிறவனைப் பார்த்தது.

மறுநாள் காலையில் பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் இருந்தன. வெளுத்த பிள்ளை எழுந்து போகவில்லை. அதற்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று இன்னொன்று. அதற்கும் முன்பற்களில் இடைவெளி, ஆனால் இடது காது சுருங்கி, பாதி விரிந்த வெற்றிலை மாதிரி மடங்கியிருந்தது. ஏழுபுளியூரில் அப்படி மடிந்த காது ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு, ஊரில் பாதிப் பேர் வீட்டு மோட்டாரை அவன்தான் ரிப்பேர் பண்ணியிருக்கிறான், குனிந்து வேலை செய்யும்போது அந்தக் காதைப் பார்க்காதவர்கள் கிடையாது.

பத்து மணி வெயில் ஏறுவதற்குள் ஊரே வந்துவிட்டது. பூங்காவனம் கிணற்றடியில் எத்தனை தரம் நின்றாள், மாதேஷ் எந்த மோட்டாருக்காக எந்த வழியாகப் போனான் என்று ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். அலமேலு வீட்டில் மோட்டார் அடிக்கடி கெட்டுப்போனதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றான் ஒருவன். இரண்டு பிள்ளைகளும் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. கொழுத்தது தன் பங்கில் பாதியை வெளுத்ததுக்குக் கொடுத்தது, அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

தீர்த்தகிரி சித்தூரில் புளியை இறக்கிவிட்டு நேராக டீக்கடைக்கு வந்து நின்றான். எல்லப்பன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மாப்ள, பெஞ்சுப் பன் ஒண்ணு போடவா, ரெண்டு போடவா? ஒங்கணக்குல ஒண்ணு, மாதேசு கணக்குல ஒண்ணு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரி திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். பார்த்துவிட்டு, டீயைக் குடிக்காமல் ரோட்டைக் கடந்து போனான்.

யாரோ போய்ச் சொல்லி, பூங்காவனம் கம்பெனியிலிருந்து கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தாள். அவள் பின்னால் அலமேலு வந்தாள். மாதேஷை அவன் இருந்த கிணற்றிலிருந்தே இரண்டு பேர் கூட்டி வந்தார்கள், அவன் கையில் இன்னும் ஸ்பேனர் இருந்தது.

"இது என்னா பூங்கா?" என்றான் தீர்த்தகிரி. சத்தம் போடவில்லை. அதனாலேயே கூட்டம் அமைதியாகிவிட்டது.

அலமேலு முந்திக்கொண்டாள். "லேப்புல கொழப்பம்டா தம்பி. புதுசா வந்தவன் ஒருத்தன்..."

"யக்கா, நான் அவளக் கேட்டேன்."

பூங்காவனம் அம்மாவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கோயில் கமிட்டியை ஏமாற்றினவள் என்று அம்மாவின் பெயர் கெடும். சொல்லாவிட்டால் தன் பெயர் கெடும். ஊர் இரண்டில் எது கெட்டாலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றது. அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மாதேசுக்கும் எனக்கும் ஒண்ணும் கெடயாது. ஒம் பேரச் சொல்லி அவன் ரத்தம் குடுத்தான். எங்கம்மா அனுப்புச்சி. நான் கூடப் போயி ஒக்காந்தேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, சாமியாடிக்குச் சாமி மலையேறினபின் வருமே, அந்த மாதிரி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. கொழுத்த பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டது. "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல," என்று சொல்லி, மீதிப் பன்னை எடுத்துக்கொண்டு, மாதேஷைக் கடக்கும்போது நின்று அவன் காதையும் தன் காதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கமாக நடந்து போய்விட்டது. மாதேஷ் அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நல்ல புள்ள," என்றான், யாரிடம் என்றில்லாமல்.

தீர்த்தகிரிக்கு மட்டும் தெளியவில்லை. "நீ என்னாத்துக்குப் போன?"

"நீ யோசிக்கலாம்னு சொன்னியே மாமா. விட்டுட்டுப் போயிருவியோன்னு. ஒன்னக் கட்டிக்கணும்னுதான் போனேன்."

"இங்க ஒக்காந்திருந்தது நம்ம புள்ள. அத எழுப்பி அனுப்பிட்டு, இன்னொண்ண ஒக்கார வெக்கப் போயிருக்க."

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு திருப்பிக் கேட்டாள். "நீ மட்டும்? நெதம் வந்து பன்னு வாங்கிக் குடுத்தியாமே, இப்பதான் சொல்றாங்க. என்னிக்காச்சும் எங்கிட்ட வாயத் தொறந்தியா? எனக்குத் தெரியாம நீ வந்த, ஒனக்குத் தெரியாம நான் வந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற அந்நியர்கள் மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்கள். அப்போதுதான் வெளுத்த பிள்ளை வாயைத் திறந்தது.

"சண்டைய அப்பறம் போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். ஊசி போடறப்ப யாரு என் கையப் பிடிச்சுக்குவீங்க?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. மாசாமாசம் என்று ஜெபக்கனி சொன்னது பூங்காவனத்துக்கு நினைவு வந்தது, எத்தனை மாசம், எத்தனை ஊசி என்று மனசு ஓடியது. பெஞ்சைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் நினைவு வந்தது. நான் என்று சொல்ல வாயெடுத்தாள், பிள்ளை அவளைப் பார்த்த பார்வையில் கையில் சுற்றின டேப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தீர்த்தகிரிக்குச் சித்தூரும் லோடும் மலைவளைவும் நினைவு வந்திருக்கவேண்டும். அவள் அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான், இரண்டு பேரும் மற்றவர் சொல்லட்டும் என்று நின்றதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் அது பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கியது. பெண் பார்க்க வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு, மனசுக்குப் பிடிக்காமல் எழுந்திருக்கிறவர்கள் எந்தக் குரலில் சொல்வார்களோ அதே மரியாதையான குரலில், "சரிங்க. போயிட்டுத் தகவல் சொல்லி அனுப்பறேன்," என்றது.

கேட் வரைக்கும் போவதற்குள் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியது. லாரிகள் போகிற ரோடு அது. பூங்காவனம் ஓடிப் போய் அதன் பக்கத்தில் நின்றாள், கையை நீட்டினாள். பிள்ளை அந்தக் கையைப் பார்த்தது, பிடிக்கவில்லை, ஆனால் அவள் பக்கத்திலேயே நடந்தது. தீர்த்தகிரி ரோட்டு நடுவில் போய் நின்று கையைத் தூக்கி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினான். டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் பிள்ளையை ஏற்றி ஜன்னலோரமாக உட்காரவைத்தார். பிறக்காத பிள்ளைக்கு டிக்கெட் கேட்கிற வழக்கம் எங்கள் ரூட்டில் இல்லை.

பஸ் போனபின் இருவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஊர் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அது கேட்டப்ப எனக்கு வாயே வரல மாமா," என்றாள் பூங்காவனம்.

"எனக்கும் வரல," என்றான் தீர்த்தகிரி.

கல்யாணம் என்று பேசியிருந்த ஆவணியில் அது நடக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் அலமேலுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் திருநீற்றைப் பூசிக்கொண்டு, நான் செஞ்சதுதான், எந்தம்பிக்காகவும் எம்மகளுக்காகவும் செஞ்சேன், இன்னொருக்கா ஆனாலும் செய்வேன் என்று சொல்லி, அவர்கள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டாள். கல்யாணம் உண்டா இல்லையா என்று வழியில் பார்க்கிறவர்கள் தீர்த்தகிரியைக் கேட்டால், "இன்னும் தகவல் வரல," என்பான். முறித்துக்கொள்ளவும் இல்லை, நாள் குறிக்கவும் இல்லை, ஆனால் மாசத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் வண்டியில் ஏறி எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவதை ஊர் பார்த்தது. திருட்டுத்தனமாகத் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு. வேறு ஊர் லேப்பில் போய் ரத்தத்தை மாற்றிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. அலமேலுகூட ஒருநாள் வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

அவர்கள் போனது பெரிய ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றுகிற வார்டில், வரிசையாகக் கட்டில்களில், சில பிள்ளைகள் போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டும் சில வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டும் கிடந்தன. முதல் தடவை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த தடவை நர்ஸ், சும்மா நிக்காதீங்க, அந்தப் புள்ளையோட அம்மா மருந்து வாங்கப் போயிருக்காங்க, போய்ப் பக்கத்துல நில்லுங்க என்று சொல்லிவிட்டார்.

கட்டிலில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை. நர்ஸ் அதன் இடது கையில் நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார். பூங்காவனம் வலது கைப் பக்கம் போய் நின்றாள். தீர்த்தகிரி கால்மாட்டில் நின்றான்.

"நீ யாரு?" என்றது அது.

"ஏழுபுளியூரு."

"டாக்டரா?"

"இல்ல. டெய்லரு."

"ஒம் புள்ள எந்தக் கட்டிலு?"

பூங்காவனம் தீர்த்தகிரியைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சொல்லட்டும் என்று அவன் நிற்கவில்லை. "எங்களுது இன்னும் வரல பாப்பா," என்றான்.

"அப்பறம் என்னாத்துக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

பூங்காவனம் கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை அவளை, அவள் கையை, கால்மாட்டில் நிற்கிறவனை, அவனுடைய புளிக்கறை படிந்த சட்டையை ஒவ்வொன்றாகச் சந்தேகமாகப் பார்த்தது. நர்ஸ், கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும் கண்ணு, என்றார். அது பூங்காவனத்தின் விரல்களை எலும்பு நோகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டே, கண்ணை மூடாமல், அவள் முகம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.